தெரியும் சார் திருப்பிக் கொடுத்த ஆறு லைட்டுகள்

ஒரு சைக்கிள் லைட்டு வாங்க ஒரு மனுஷனுக்கு எத்தனை நாள் ஆகும்? கடைக்குப் போய், இருப்பதில் பிரகாசமானதைக் காட்டச் சொல்லி, ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வர அரை மணி நேரம். வழியில் நின்று டீ குடித்தால் முக்கால் மணி. அவளுடைய புருஷனுக்கு நாற்பத்தொரு நாள் ஆயிற்று. நாற்பத்தொரு நாள் கழித்தும் வீட்டில் லைட்டு இல்லை. லைட்டுகளைப் பற்றிய நோட்டு ஒன்றுதான் இருந்தது.

தெருவில் அவருக்கு 'தெரியும் சார்' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும், அவர்கள் வாயை மூடுவதற்குள் "தெரியும், தெரியும்" என்பார். மழை வரும்போல இருக்கிறது என்றால் தெரியும். மோட்டார் ஓடவில்லை என்றால் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல், வேலையை விட்டுவிட்டேன் என்று முதல் ஆளாக இவரிடம் வந்து சொன்னார். அதற்கும் "தெரியும்" என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். கட்டிக்கொண்ட பாவத்துக்கு இருபத்து மூன்று வருஷமாக அவள் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

காகிதக் கம்பெனிக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற உத்தியோகம் அவருக்கு. பகல் முழுக்கக் காகிதக் கட்டுகளை எண்ணிக் கட்டம் போட்ட நோட்டில் எழுதுவார். கட்டம் போட்டு எழுதிவிட்டால் அது அறிவு என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு துடைப்பம் வாங்குவதென்றாலும் மூன்று துடைப்பத்துக்குக் கட்டம் போடுவார். அதற்குள் அவள் நாலாவதாக ஒன்றை வாங்கிப் பெருக்கி முடித்திருப்பாள்.

அவள் வேலை அப்படி உட்கார்ந்து கட்டம் போடுகிற வேலை இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். எட்டு மெஷின். காலை ஐந்து மணிக்கு முதல் செட் நோயாளிகள் வந்து உட்காருவதற்குள் எட்டையும் கழுவி, தண்ணீரைச் சோதித்து, குழாய்களை நிரப்பி, ஒரு குமிழி இல்லாமல் தட்டித் தட்டி எடுத்திருக்க வேண்டும். குமிழி உள்ளே போனால் ஆள் வெளியே போய்விடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை என்றால் அதுதான். நோயாளி வாசலில் வரும்போதே மூஞ்சி வீக்கத்தைப் பார்த்து, "நேத்து நாலு டம்ளர் தண்ணி கூடக் குடிச்சிருக்கீங்க. அஞ்சாவதும் குடிச்சீங்களா?" என்று கேட்பாள். அவர்கள் திருட்டு முழி முழிப்பார்கள். டாக்டர்களே அவளைக் கேட்டுவிட்டுத்தான் சிலரைத் தொடுவார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகுதான் முதல் ஷிப்டின் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். அதுவும் சும்மா கொடுக்கவில்லை. அவளோடு வேலை பார்க்கிற ஒருத்தி, சூப்பர்வைசரைக் கண்டாலே முப்பத்திரண்டு பல்லையும் காட்டுகிறவள், இரண்டு வருஷமாக அந்த நாற்காலிக்கு இளித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி இவளுக்கு வந்தது. கொடுக்கும்போதே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்:

"நாலரைக்கு யூனிட்டைத் திறந்துடணும்மா. மாசத்துல ரெண்டு தடவை லேட்டாச்சுன்னா நான் ஆளை மாத்த வேண்டி வரும். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

அதுவரை கவலை இல்லை. பின்தெரு நர்ஸ் ஒருத்தி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவள் அடுத்த மாசக் கடைசியில் வீடு மாறிப் போகிறேன் என்றாள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. இருப்பது சைக்கிள்தான். வாய்க்காலோரப் பாதையில் முப்பது நிமிஷம். அந்தப் பாதையைக் குழாய் பதிக்கிறேன் பேர்வழி என்று நெடுகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தோண்டும்போது தெருவிளக்குக் கேபிளையும் அறுத்துவிட்டார்கள். குழாயும் வரவில்லை, விளக்கும் எரியவில்லை. குழி மட்டும் ஆள் உயரத்துக்கு வாயைப் பிளந்து கிடந்தது. நேரத்துக்கும் போக வேண்டும், குழிக்குள்ளும் விழக் கூடாது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு நல்ல லைட்டு.

கேட்ட நேரம்தான் தப்பு. தெரியும் சார் சும்மா இருந்த நேரம். "சார்ஜ் போடற லைட்டா? தெரியும், தெரியும். நான் பாத்து வாங்கறேன். நீ போய் எதையாவது வாங்கிட்டு வந்துடாத," என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஆராய்ச்சி. மலைக்காட்டுக்குள் குதித்துக் குதித்துச் சைக்கிள் ஓட்டுகிற தடியன்களின் வீடியோவாகப் பார்த்தார். அவன்களுக்கு விடிந்தால் எட்டு மெஷின் கழுவ வேண்டுமா என்ன? வெளிச்சத்தை அளக்கிற லூமன் என்றார். பேட்டரி என்றார். தண்ணீர் பட்டால் தாங்குமா, கிடுக்கி ஹேண்டில்பாரைக் கவ்வுமா, எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கட்டம் கட்டமாகப் போட்டார். ஒருநாள் சாப்பிடும்போது விரலை உயர்த்திக்கொண்டு பாடம் நடத்தினார்.

"லைட்டு ரெண்டு வகை, தெரியுமில்ல? நாம பாக்கறதுக்கு ஒண்ணு. நம்மளை மத்தவங்க பாக்கறதுக்கு ஒண்ணு. உனக்கு எது வேணும்?"

"எனக்குக் குழி தெரிஞ்சாப் போதும்."

"தெரியும், தெரியும்," என்றபடியே டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். பாதி டம்ளரில் விழுந்தது, பாதி மேஜையில். ஊர் உலகத்து வெளிச்சத்தை எல்லாம் அளக்கக் கிளம்பிய மனுஷனுக்கு ஒரு டம்ளரின் வாய் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் துணியை எடுத்து அவர் முன்னால் எறிந்தாள்.

லைட்டை அவர் சோதிக்கிற விதம் தனி. கடைக்காரன் வாய் தவறி, "பிடிக்கலைன்னா ஒரு வாரத்துல திருப்பிக் குடுங்க சார்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். ஆகவே ஒவ்வொன்றாக வாங்கி வருவார். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போடுவார். இருட்டியதும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். முப்பது தப்படி தள்ளி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்துவிட்டு வந்து, லைட்டைப் போட்டு, அந்த ஸ்டூலையே முறைத்துக்கொண்டு நிற்பார். பிறகு நோட்டில் எழுதுவார். இத்தனையும் அவர் சொல்லிக் கேட்டதுதான், அவள் கண்ணில் பட்டதில்லை. மூன்று மணிக்கு எழுந்திருக்கிறவள் ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள். விடிவதற்குள் கிளம்பும்போது மேஜையில் நோட்டு விரித்து வைத்திருக்கும், ஏதோ நீதிபதி தீர்ப்பு எழுதிவிட்டுப் போன மாதிரி.

'ஒன்று: மிக மங்கல். ஸ்டூல் தெரியவில்லை. எல்லாவற்றிலும் மட்டம்.'

'இரண்டு: நடுவில் மட்டும் வெளிச்சம். ஓரம் சுத்த இருட்டு.'

'மூன்று: விளம்பரத்தில் சொன்ன பிரகாசத்தில் பாதிகூட இல்லை. மோசடி.'

நாலாவது மோசடி, ஐந்தாவதும் மோசடி. ஆறாவதைப் பெரிய எதிர்பார்ப்போடு கொண்டுவந்தார். கையளவு இருந்தது. அதற்கும் மறுநாள், 'பத்தாது' என்று ஒற்றை வார்த்தை எழுதியிருந்தார். எழுத்துகூடக் கோட்டை விட்டு இறங்கி ஓடியது. குடித்திருந்தாரோ என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அதற்கும் துணிச்சல் வேண்டும், இவருக்கு ஏது!

ஒரு வருஷமாகவே மனுஷன் ஒரு மாதிரிதான். முன்பெல்லாம் சாயங்காலம் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவார். முட்டி வலி என்று அதை மூலையில் சாத்திவிட்டார். ராத்திரி விசேஷம் எதற்கும் வருவதில்லை. கூப்பிட்டால், "அங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்" என்பார். குளியலறை விளக்கைப் போடாமல் போய் வாளியை உதைத்துத் தள்ளுவார். ஒருமுறை அவள் கேட்டேவிட்டாள்: "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" அவர் வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

மாசம் முடிந்தது, நர்ஸ் போய்விட்டாள். முதல் நாள் கை டார்ச்சை ஹேண்டில்பாரில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு போனாள். அது ஆகாயத்தைப் பார்த்தது, பிறகு அவள் காலைப் பார்த்தது, பாதையை மட்டும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் தோண்டிப்போட்ட மண்மேட்டில் ஏறிச் சைக்கிளோடு சாய்ந்தாள். இன்னும் இரண்டு முழம் தள்ளி விழுந்திருந்தால் குழி. முட்டி கிழிந்து, மண்ணும் ரத்தமுமாக யூனிட்டுக்குப் போய்ச் சேரும்போது நாலு ஐம்பது. கதவருகில் அந்தப் பல்காரி நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னக்கா ஆச்சு? மெதுவா வாங்க. நான்தான் இருக்கேனே," என்றாள். பல் அத்தனையும் தெரிந்தது.

ஒரு லேட் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டிவி நின்றது. தெரியும் சாருக்கு அன்றைக்கு லீவு. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஆறு லைட்டு! ஆறுல ஒண்ணுகூடவா உங்களுக்கு ஆகல? ஊர்ல சைக்கிள் ஓட்டறவன்லாம் குருடனா? அவன் லைட்டு வாங்கல?"

"ஏழாவது ஒண்ணு இருக்கு. கடையில சொல்லி வச்சிருக்கேன். அதுல..."

"கிழிச்சீங்க."

"இருட்டுல போறவ நீ. பத்தாத லைட்டைக் குடுத்து அனுப்பச் சொல்றியா? நான் அந்தச் சந்துல நின்னு பாத்துட்டுச் சொல்றேன், ஒண்ணுலயும் வெளிச்சமே இல்ல. உனக்காகத்தான்..."

"எனக்காக நீங்க ஒண்ணும் வெட்டி முறிக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, கிழிந்த முட்டியோடு அவளே கடைக்குப் போனாள்.

கடைக்காரன் அவளைக் கண்டதும் பின்னால் எட்டிப் பார்த்தான். "சார் வரலையே, அக்கா? சார் வர்றாருன்னா நான் முன்கூட்டியே டீக்கடைக்குப் போயிடுவேன்."

"அவர் வரல. அவர் திருப்பிக் குடுத்ததெல்லாம் எங்க?"

கடைக்காரன் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தான். அவள் கிளறி, நோட்டில் எல்லாவற்றிலும் மட்டம் என்று எழுதியிருந்த அந்த முதல் லைட்டை எடுத்தாள்.

"இதைத்தான் சார் செத்துப்போன லைட்டுன்னு திட்டிட்டுப் போனாரு."

"செத்ததையே குடு. எதுக்கும் ஆகாத லைட்டு எவ்வளவு வெளிச்சம் தருதுன்னு பாக்கறேன்," என்றாள். முழுக்க வீம்புதான். அந்தச் செத்த லைட்டு பாதையைக் கொஞ்சம் காட்டிவிட்டால் போதும், அதை அவர் மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டி, இனி ஆயுளுக்கும் 'தெரியும்' என்று வாயைத் திறக்க முடியாதபடி செய்துவிடலாம்.

மறுநாள் விடியற்காலையில் வாய்க்காலோரம் வந்ததும் பொத்தானை அழுத்தினாள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. பாதை பளிச்சென்று எழுந்து நின்றது. மண்மேடு தெரிந்தது, அதில் நேற்று அவள் விழுந்த தடம் தெரிந்தது, குழியின் உதடு தெரிந்தது, அதற்கு அப்பால் கிடந்த குழாயில் ஒட்டியிருந்த எண்கூடத் தெரிந்தது. எதிரே வந்த பால்காரர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "யாரும்மா அது, லாரியா?" என்று சத்தம் போட்டார். இத்தனைக்கும் நடு அளவில்தான் வைத்திருந்தாள். சைக்கிளை ஓட்டிக்கொண்டே சிரித்தாள். தனியாக, சத்தமாக, அடக்க முடியாமல். நாற்பத்தொரு நாள்! இதற்கா நாற்பத்தொரு நாள்! நாலு பதினைந்துக்கு யூனிட்டைத் திறந்துவிட்டாள்.

இத்தனை நல்ல கதையை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? ஐந்து மணி செட் வந்து, எட்டுப் பேரையும் மெஷினில் மாட்டிவிட்டு, நடுவில் நின்று எடுத்துவிட்டாள். சந்து, ஸ்டூல், முப்பது தப்படி, நோட்டு, மோசடி, மோசடி, மோசடி. விரலை உயர்த்தி அவர் பாடம் நடத்துவதை நடித்தே காட்டினாள். மெஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறி ஏழு பேர் சிரித்தார்கள். பல்காரிகூட உண்மையாகச் சிரித்தாள்.

மூன்றாம் நாற்காலியில் இருந்த தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சர்க்கரையில் சிறுநீரகமும் போய்க் கண்ணும் பெரும்பாலும் போய்விட்ட மனிதர். நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் தடவிக் கண்டுபிடித்துத்தான் உட்காருவார். அவர் வருவதற்குள் கால்மாட்டு ஸ்டூலை நகர்த்தி வைப்பது அவள் வழக்கம்.

"சிஸ்டர், சாருக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷமா இருக்கு. அதைப் பத்தியும் அவருக்கு எல்லாம் தெரியும். டெஸ்டுக்குப் போகச் சொன்னா, என் உடம்பு எனக்குத் தெரியும்பாரு." இன்னும் சிரிப்பு அவள் வாயில் இருந்தது.

"நானும் எங்க வீட்டுல பல்பு மாத்தினேன், சிஸ்டர். ஹால், சமையல் ரூம், மாடிப்படி, எல்லாம். மாத்தி ஒரு மாசத்துல மறுபடி மாத்தினேன். கரண்ட் கம்மியா வருதுன்னு ஆபீசுக்கு லெட்டர்கூடப் போட்டேன். என் சம்சாரம், உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு சிரிச்சா." கைப்பிடியை ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னார்: "பல்பெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு."

அவள் கை மூன்றாம் மெஷின் குழாயில் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"இல்ல, இவருக்குக் கொழுப்பு," என்றாள். சொன்னது அவள் காதிலேயே விழவில்லை. மேஜையில் கொட்டிய தண்ணீர், வாளி, மூலையில் சாத்திய சைக்கிள், கோட்டை விட்டு ஓடிய எழுத்து எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எதிரே நின்றன. கண்ணு பொடனியிலயா இருக்கு என்று கேட்டாளே, அதுவும் வந்தது. யாரோ எட்டுப் பேர் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார்கள் என்று வாசலிலேயே சொல்கிறவள். கட்டிலின் மறுபாதியில் படுத்திருக்கிற மனுஷன் டம்ளரைத் தடவுவதைப் பார்த்துத் துணியை எறிந்திருக்கிறாள். தூ! பத்தொன்பது வருஷ அனுபவமாம், பொறுப்பாம், நாற்காலியாம். அவர்மேலும் ஆத்திரம் வந்தது, கொஞ்சநஞ்சமல்ல. தெரியும் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே தனக்குத் தெரியாததை மூடி வைத்திருக்கிறார், பாவி மனுஷன். அவருக்கே அது தெரியுமா, இல்லை உண்மையாகவே ஆறு கம்பெனியும் மோசடி என்று நம்பிக்கொண்டிருக்கிறாரா?

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் படுக்கவில்லை. "சந்துக்கு வாங்க, லைட்டைப் பாக்கலாம்," என்றாள்.

"வாங்கிட்டியா? எது?" என்று கேட்டுக்கொண்டே சுவரைத் தொட்டபடி அவர் பின்னால் வந்தார். சுவரைத் தொட்டபடிதான் வந்தார். இதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. அவளுக்கு முன்னால் அவர் இருட்டில் நடந்தே ரொம்ப நாளாகியிருந்தது.

சைக்கிளை அவர் கையில் கொடுத்தாள். லைட்டை முழு அளவில் வைத்தாள். வெள்ளை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தப்படி எண்ணி நடந்தாள். முப்பதில் நின்று திரும்பினாள். வெளிச்சம் முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த சுவரில் அவள் நிழல் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நின்றது. ஸ்டூலைக் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"ஸ்டூல் எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"தெரியும். எப்பவும் வைக்கிற இடத்துலதான், கீழ."

"தெரியுமான்னு நான் கேக்கலைங்க. தெரியுதான்னுதான் கேக்கறேன்."

லைட்டுக்குப் பின்னால் அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. சைக்கிளின் ஹேண்டில்பார் லேசாக ஆடியது, வெளிச்சமும் அவள்மேல் ஆடியது.

"என்னைத் தெரியுதா?"

"தெரியல," என்றார்.

இருபத்து மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. இதற்காகத்தானே காத்திருந்தாள், இப்போது ஆட்டிக் காட்ட வேண்டியதுதானே? ஸ்டூலை இறக்கினாள். வழக்கமான அதட்டலோடுதான் சொன்னாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு எந்திரிங்க. என்கூட வாங்க. கண் டாக்டர் எட்டு மணிக்கு வருவாரு. அதுவரைக்கும் எங்க யூனிட்டுல ஒரு நாற்காலியில வாயை மூடிட்டு உக்காந்திருங்க. பின்னாடி கேரியர்ல வந்துடலாம். நான் ஓட்டறேன்."

"கேரியர்லயா?" என்றார். பிறகு, பழக்கதோஷம், கேட்டேவிட்டார்: "அந்தப் பாதைக்கு இந்த லைட்டு பத்துமா?"

"எனக்குப் பத்தும்," என்றாள்.